ஏணைக்காரி

அந்த நாவல் எனக்குப் பரிசாக வந்தது. கம்பெனியில் பொங்கலுக்கு வைத்த கோலப் போட்டியில் எனக்கு இரண்டாம் இடம். முதல் பரிசு ஹாட்பாக்ஸ். மூன்றாம் பரிசு டிபன் கேரியர். இரண்டாம் பரிசை மட்டும் படிக்கிற பழக்கம் உள்ள யாரோ வாங்கியிருக்க வேண்டும். வண்ணத்தாளைப் பிரித்தால் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம். மூன்றாம் பரிசு வாங்கியவளிடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவள் டிபன் கேரியரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அதற்கு முன் நான் முழுதாகப் படித்த புத்தகம் எதுவும் இல்லை. பள்ளிக்கூடப் பாடம், வாரப் பத்திரிகைத் தொடர், அவ்வளவுதான். எனக்கு வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கு ஒயர் செட் கட்டும் ஒரு கம்பெனியில். வீடு மணவாள நகரில். திருவள்ளூர் ஸ்டேஷன் அருகிலிருந்து புறப்படும் கம்பெனி வேன் தாமரைப்பாக்கம், பெரியபாளையம், ஆரணி என்று ஊர் ஊராக ஆள் ஏற்றிக்கொண்டு புதுவாயல் போய் ஹைவேயில் ஏறும். போக ஒன்றரை மணி நேரம், வர அதற்கு மேல். அந்த நேரத்தில் எல்லோரும் தூங்குவார்கள், அல்லது போன் பார்ப்பார்கள். எனக்கு வண்டியில் தூக்கம் வராது. அதனால் புத்தகத்தை எடுத்துப் போனேன்.

ஆற்றுப் பாசனம் உள்ள ஒரு தெற்கத்தி கிராமம். அங்கே ஒரு பெரிய வீடு. நான்கு தலைமுறைக் கதை. முதல் சில பக்கங்கள் எனக்குப் பிடிபடவே இல்லை. யார் யாருக்கு மச்சான், யார் யாருக்குச் சின்ன மாமனார் என்று குழம்பி, முன்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பிறகு ஒரு காலையில், குடும்பத்துப் பெரியவர் தன் மூன்று மகன்களையும் கூட்டிக்கொண்டு கிணறு தோண்ட இடம் பார்க்கப் போகிற கட்டம் வந்தது. மூன்று பேரும் மூன்று இடத்தைக் காட்டுகிறார்கள். அவர் நடுப்பிள்ளை காட்டிய இடத்தில் தோண்டச் சொல்கிறார். மூத்தவன் ஒன்றும் சொல்லாமல் மண்வெட்டியை வாங்கி முதல் வெட்டு வெட்டுகிறான். அந்த இடத்தில்தான் கதை என்னைப் பிடித்தது. நிமிர்ந்து பார்த்தபோது வேன் கவரைப்பேட்டையைத் தாண்டியிருந்தது.

அந்த வாரம் வேனின் பாட்டுப்பெட்டி கெட்டுப்போனது. டிரைவர் அண்ணன் ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பாட்டில்லாமல் அவருக்கு வண்டி ஓட்டுவதே வேதனையாக இருந்தது. தானாகப் புலம்பிக்கொண்டே வந்தார். எனக்குப் பக்கத்து சீட்டில் எப்போதும் உட்காரும் அக்கா என் கையில் இருந்ததைத் தட்டினார்.

"இன்னாமே, மூஞ்சிய மூடிக்கினு கீற? இன்னா பரிட்சையா?"

"கதைக்கா."

"இன்னா கதை?"

"ஒரு பெரிய ஊட்டுக் கதைக்கா. அந்தத் தாத்தாவுக்கு மூணு பசங்க. அதுல..."

"நீ சொன்னா தூக்கம் வருது. எழுதிக்கிறத அப்டியே படி."

அக்காவும் நானும் ஒரே லைனில் வேலை பார்ப்பவர்கள். திருவாலங்காட்டிலிருந்து ரயிலில் திருவள்ளூர் வந்து எங்கள் வேனில் ஏறுவார். என்னைவிடச் சில வயது பெரியவர். எதையும் முகத்துக்கு நேரே கேட்பார். நான் அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் தாண்டவில்லை, டிரைவர் அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "சவுண்டா படிம்மா. முன்னாடி ஒண்ணும் கேக்கல."

அப்படித்தான் ஆரம்பித்தது.

வாய்விட்டுப் படிப்பது எனக்குப் புதிது. முதலில் பத்திரிகைச் செய்தி படிப்பதுபோல் படித்தேன். பிறகு பெரியவர் பேசும்போது குரலைத் தடிப்பாக்கவும் மருமகள்கள் பேசும்போது இறக்கவும் தெரிந்துகொண்டேன். பின் சீட்டில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். டிப்ளமோ முடித்துப் புதிதாகச் சேர்ந்தவள். எப்போதும் காதில் இயர்போன். கொஞ்ச நாளில் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டாள். அப்புறம் அதையும் கழற்றிவிட்டாள். தூங்கிக்கொண்டே வந்தவர்கள் சிலர், "நேத்து தூங்கிட்டேன், அந்த ரெண்டாவது மருமகப்பொண்ணு ஊட்டுக்குத் திரும்ப வந்தாளா இல்லியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

மூத்தவன் தம்பிக்குச் சேர வேண்டிய நிலத்தைத் தானே வைத்துக்கொண்ட கட்டத்தில் வேனில் கட்சியும் பிரிந்தது. டிரைவர் அண்ணன் மூத்தவன் கட்சி. அவரே வீட்டுக்கு மூத்தவர்.

"பெரியவன் மேல இன்னா தப்பு? எல்லாத்தயும் தலைமேல போட்டுக்கினு நிக்கிறவனத்தான் எல்லாரும் திட்டுவாங்க. எங்க நைனாகூட என்னத்தான் திட்டுவாரு, சின்னவன ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு."

"தம்பிக்கு நிலத்த குட்த்தா தப்பு தீந்துச்சி," என்றார் அக்கா.

"கதைல கீறவன் குடுப்பானா குடுக்க மாட்டானான்னு நீ இன்னாக்கா சொல்றது?"

ஒருநாள் சண்டை முற்றி வேன் ஆரணியில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போய்விட்டது. ரோட்டோரம் நின்ற இரண்டு பேர் கையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

பிறகு நடவு அத்தியாயம் வந்தது. பெரிய வீட்டு நிலத்தில் வரிசையாகப் பெண்கள் நடுகிறார்கள். வரப்பு ஓரத்து மரக்கிளையில் பழம்புடவையால் ஓர் ஏணை கட்டியிருக்கிறது. அதில் கிடக்கும் குழந்தை அழுகிறது. நடுகிறவர்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்க்கிறாள். வரிசை முடியாமல் கரையேறக் கூடாது என்று காரியக்காரர் அதட்டுகிறார். அந்த வழியாக வரும் பெரிய வீட்டு மூத்த மருமகள் ஏணையருகே நின்றுவிடுகிறாள். அவளுக்குக் குழந்தை இல்லை. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு ஏணையை ஆட்டுகிறாள். குழந்தை அடங்குகிறது. வரிசை முடிந்து சேற்றுக் காலோடு அந்தத் தாய் வந்ததும் மருமகள் கையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வீட்டைப் பார்த்துப் போகிறாள். அதன்பிறகு கதை மருமகளோடு வீட்டுக்குள் போய்விடுகிறது. அவள் அன்றிரவு சாப்பிடாமல் படுத்ததைப் பற்றி நீளமாக வருகிறது. அழகான பகுதி. வேனில் எல்லோரும் என் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

அக்கா மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ இன்னா ஆனா?"

"அதாங்கா, சாப்டாம படுத்துட்டா..."

"அவ இல்ல. ஏணை கட்னவ."

நான் நாலு பக்கம் தள்ளிப் பார்த்தேன். இல்லை. "அப்பறம் வருவாக்கா," என்றேன்.

"அவ பேரு இன்னா?"

"பேரு போடல. 'நடவுக்காரி ஒருத்தி'ன்னு கீது."

அக்கா என் பக்கம் திரும்பினார். "மாட்டுக்குப் பேரு வச்சிக்கிறாங்க. அந்தக் கெணத்துக்குப் பேரு கீது. இம்மாம் பெரிய புக்ல அவளுக்கு ஒரு பேருக்கு எடம் இல்லியா?"

அந்த வேனில் உட்கார்ந்திருந்த எங்களில் பெரும்பாலோர் கூலி நட்டவர்களின் பிள்ளைகள். என் அம்மாவும் நட்டவர்தான். நான் ஒருநாளும் சேற்றில் இறங்கியதில்லை. இத்தனை வாரமாக எங்களையும் அந்தப் பெரிய வீட்டு ஆட்களாக நினைத்துக்கொண்டு கட்சி கட்டியிருக்கிறோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பின் சீட்டுப் பெண்தான் அவளுக்கு 'ஏணைக்காரி' என்று பேர் வைத்தாள். அதன்பிறகு தினமும் வேனில் ஏறியதும் அக்கா கேட்கும் முதல் கேள்வி, "ஏணைக்காரி வந்தாளா?"

வரவில்லை.

நான் படிக்கும்போது அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்படிப் பார்த்ததால்தான் ஒருநாள் கண்டுபிடித்தார்.

"தே, கழுத்துல இன்னா அது? எச்சில் முழுங்கசொல்ல ஒண்ணு மேல ஏறி எறங்குது."

தொட்டுப் பார்த்தேன். கோலிக்குண்டு மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. வலி எதுவும் இல்லை. சளியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அக்கா விடவில்லை. தினமும் "போனியா? டாக்டராண்ட காட்னியா?" என்று கேட்டு என்னைப் பேஜாராக்கினார். கடைசியில் என் கணவரிடமே போனில் சொல்லிவிட்டார். அவர் அந்த வாரமே லீவு போட்டு என்னைக் கூட்டிப் போனார். தைராய்டில் கட்டி. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அறுத்து எடுத்துவிட்டுப் பரிசோதனைக்கு அனுப்பிப் பார்த்தால்தான் நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று தெரியும் என்றார்கள்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் தண்ணீர் கேட்டேன். உதடு அசைந்தது, காற்றுதான் வந்தது. குரல் நரம்பு அசந்துபோயிருக்கிறது, மெதுவாக வரும், அதுவரை கஷ்டப்படுத்தாதீர்கள் என்றார் டாக்டர். எப்போது வரும் என்று நான் கையால் கேட்டேன். சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கில் என்றார்.

பரிசோதனை முடிவு வரும்வரை நானும் என் கணவரும் எப்படி இருந்தோம் என்பதை எழுத வேண்டாம். நல்ல கட்டிதான் என்று வந்தது. முன்னமே பார்த்தது நல்லதாகிவிட்டது, இன்னும் பெரிதாகியிருந்தால் மூச்சுக்குழாயை நெருக்கியிருக்கும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வாசலில் என் கணவர் அக்காவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். போனை என் காதில் வைத்தார். என்னால் பேச முடியாது. அக்கா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "சரி, சரி. புக்கை எங்கனா தொலைச்சிடாத," என்று வைத்துவிட்டார்.

வீட்டில் ஓய்வில் இருந்த நாட்களில் நாவலை முடித்துவிட்டேன். என் கணவர் அதிகம் பேசாதவர். என் குரல் போனதும் இரண்டு பேருக்குமான பேச்சை அவரே பேசினார். சோற்றை ரசத்தில் குழையப் பிசைந்து வைத்து, "காரமா? காரம் இல்லியே. சரி, நாளைக்கு மிளகு கம்மியாப் போட்றேன்," என்று கேள்வியும் பதிலுமாகச் சொல்லிக்கொள்வார். அவர் வேலைக்குப் போனதும் நான் படிப்பேன். தனியாகப் படிக்கும்போது அது வேறு புத்தகம்போல் இருந்தது. மூத்தவன் தப்பு செய்யும் இடத்தில் எதிர்த்துப் பேச டிரைவர் அண்ணன் இல்லை. பாகப்பிரிவினை, கோர்ட் கேஸ், நடு முற்றத்தில் எழும்பும் சுவர், பட்டணத்துக்குப் போகும் பேரன்கள் என்று கதை கடைசிவரை போனது. ஏணைக்காரி கடைசிப் பக்கம்வரை வரவில்லை. முடித்ததும் அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் நினைத்தேன்.

மறுபடி வேலைக்குப் போன அன்று கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வேனில் ஏறினேன். எல்லோரும் கைதட்டினார்கள். டேஷ்போர்டில் புது ஸ்பீக்கர் ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. ஆனால் பாட்டு இல்லை.

"வாங்கி எவ்ளோ நாளாச்சி தெரியுமா?" என்றார் டிரைவர் அண்ணன். "கதை பாதில நிக்கசொல்ல பாட்டுப் போட மனசு வர்லம்மா."

எனக்கு அழுகை வந்தது. புத்தகத்தை எடுத்து நீட்டி, தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன். பின் சீட்டுப் பெண் வாங்கிக்கொண்டாள். சரளமாகப் படித்தாள். தாமரைப்பாக்கம் கூட்ரோடு வருவதற்குள் முகம் வெளுத்து, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தி எடுத்தாள். ஓடுகிற வண்டியில் எழுத்தைப் பார்த்தால் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. இன்னும் ஒன்றிரண்டு பேர் முயன்றார்கள். அவர்களுக்கும் தலை சுற்றியது.

"குடு இங்க," என்றார் அக்கா.

புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "எட்டாவதோட நின்னவ நானு. எவளாச்சும் சிரிச்சீங்க, அப்டியே மூடி வச்சிருவேன்."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா விரலை வரிக்குக் கீழே வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். 'பாகப்பிரிவினை' அவர் வாயில் மூன்று துண்டாகி, மூன்றுக்கும் நடுவில் ஒரு பள்ளம் வந்து போனது. ஒரு பக்கம் முடிய பெரியபாளையம் வந்துவிடும். என் கை துறுதுறுத்தது. ஆனால் எல்லோரும் காதைக் கொடுத்துக் காத்திருந்தார்கள். அடுத்த சொல் என்னவென்று அவர்களே ஊகித்துச் சொல்வார்கள். சரியாக இருந்தால் அக்கா தலையாட்டிவிட்டு மேலே போவார். நாள் போகப் போக வேகம் கூடியது. ரயிலிலும் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு முன்கூட்டியே படித்துப் பார்த்துக்கொண்டு வருகிறார் என்று பிறகு தெரிந்தது.

ஒருநாள் கோர்ட் கேஸ் அத்தியாயம். வக்கீல் பேச்சு, பத்திரம், சர்வே நம்பர் என்று கடினமான சொற்கள். அக்கா தடுமாறித் தடுமாறிப் படித்துக்கொண்டிருந்தவர், ஆரணி தாண்டியதும் திடீரென்று தண்ணீர் ஓடுவதுபோலப் படித்தார்.

"அன்னிக்கு நடவு முடிஞ்சி ஏணைக்காரி புள்ளைய இடுப்புல வச்சிக்கினு ஊட்டுக்குப் போனா. போற வழில ஏரிக்கரைல எறங்கி அதுக்கு மூஞ்சி கழுவி வுட்டா. பெரிய ஊட்டம்மா தொட்ட கையில மஞ்ச வாசனை அடிச்சிச்சி, அது புள்ளை மேல ஒட்டிக்கினு இருந்திச்சி. அத மோந்து பாத்துக்கினே போனா."

நான் சட்டென்று குனிந்து பக்கத்தைப் பார்த்தேன். அக்காவின் விரல் வரிக்குக் கீழே ஒழுங்காக நகர்ந்துகொண்டிருந்தது. அந்த வரியில் இருந்தது வாய்தா தேதி. ஏரியும் இல்லை, மஞ்சள் வாசனையும் இல்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். ஒரு கணம் விரல் நின்றது.

எனக்குக் குரல் இல்லை. இருந்தாலும் தோளைத் தட்டியிருக்கலாம், தலையை ஆட்டியிருக்கலாம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். விரல் மறுபடி நகர்ந்தது.

"வந்துட்டாளா! ஏணைக்காரி வந்துட்டாளா!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள்.

டிரைவர் அண்ணனுக்குத்தான் சந்தேகம். "இன்னாக்கா, அது ஆத்து ஊராச்சே? ஏரி எங்கருந்து வந்திச்சி?"

"ஆறு கீற ஊர்ல ஏரி இருக்கக் கூடாதா? புக்ல கீறத நான் படிக்கிறேன். நீ ரோட்டப் பாத்து ஓட்டு நைனா."

அன்று மதியம் கேண்டீனில் தட்டோடு அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தேன். எனக்கு அப்போது காற்றுக் குரல் வர ஆரம்பித்திருந்தது. காதருகில் சாய்ந்து சொன்னால் கேட்கும்.

"அக்கா, அது புக்ல இல்ல."

"தெரியும்."

"கடைசிவரைக்கும் வரமாட்டா. நான் படிச்சிட்டேன்."

"அதுவும் தெரியும். ரயில்ல பொரட்டிப் பொரட்டிப் பாத்தேன்." சோற்றில் சாம்பாரை ஊற்றினார். "எங்கம்மா அப்டித்தான் நட்டுச்சி. வேல மரத்துல ஏணை கட்டி."

"ஏணைல இருந்தது நீயாக்கா?"

அக்கா இல்லை என்று தலையை ஆட்டினார். "எனக்கு முன்னாடி ஒண்ணு. ஆம்பளப் புள்ளை. ஒரு வயசு முடியறதுக்குள்ள ஜொரம் வந்து போய்டுச்சாம். அம்மா அதப் பத்திப் பேசவே பேசாது. போட்டோகூட இல்ல. பேரு மட்டும் எனக்குத் தெரியும்."

நான் என் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.

"நிறுத்திடட்டுமா?" என்று கேட்டார். கேட்டபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. "நீ படிச்சவ. புக்கு எழுதுனவங்க கஷ்டப்பட்டு எழுதிக்கிறாங்க. நடுவுல பூந்து இப்டிப் பண்றது தப்புன்னா நிறுத்திட்றேன்."

"படிக்கா," என்றேன். காற்றாகத்தான் வந்தது. அவருக்குக் கேட்டது.

அதன்பிறகு ஒழுங்கு ஒன்று ஏற்பட்டது. திருவள்ளூரிலிருந்து ஆரணிவரை அக்கா புத்தகத்தில் உள்ளதை ஓர் எழுத்து விடாமல் படிப்பார். ஆரணி தாண்டியதும் ஏணைக்காரி வருவாள். பெரிய வீட்டில் சுவர் எழும்பும் அத்தியாயத்தில், ஏணைக்காரியின் மகன் பள்ளிக்கூடம் போனான். அவனுக்கு முதல் செருப்பு ஓர் அளவு பெரியதாக வாங்கி, முன்னால் துணி அடைத்துக் கொடுத்தாள். ஏரி வற்றிய வருஷம் நடவு இல்லாமல் செங்கல் சூளைக்குப் போனாள். கை தோல் உரிந்தது. பையனையும் கூட்டி வா, பாதிக் கூலி தருகிறேன் என்றார் சூளைக்காரர். "எம்புள்ள கை இதுக்கு இல்ல," என்று சொல்லிவிட்டு அவள் மண்ணை மிதித்தாள். பெரிய வீட்டு மூத்த மருமகள்கூட ஒருநாள் ஏணைக்காரி வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வராமல், பையனுக்கு ஒரு பேனாவைக் கொடுத்துவிட்டுப் போனாள். புத்தகத்தில் அந்த மருமகள் அதற்கு முந்தின அத்தியாயத்திலேயே இறந்துபோயிருந்தாள். அக்கா மறந்துவிட்டார். கேட்டவர்களும் மறந்துவிட்டார்கள். டிரைவர் அண்ணன் மட்டும் கண்ணாடியில் அக்காவை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கியரை மாற்றினார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கதையையும் கேட்டுக்கொண்டு வந்தேன். ஒன்று ஏற்கெனவே முடித்தது. இன்னொன்று எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. காலையில் எழுந்து வேனுக்கு ஓடுவதற்கு அப்போது எனக்கு அது ஒரு காரணமாக இருந்தது. குரல் வருமா வராதா என்ற பயத்தை நான் மறந்திருந்த நேரம் அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

கடைசி நாள் வந்தது. நாவலின் முடிவில் பேரன் ஒருவன் பட்டணத்திலிருந்து வந்து, விற்றுப்போன வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கிணற்றடியில் நிற்கிறான். அக்கா அதை நிறுத்தி நிதானமாகப் படித்தார். இப்போது அவர் எங்கும் தடுக்கவில்லை. படித்து முடித்தபோது வேன் சிப்காட்டுக்குள் நுழைந்துவிட்டது. நான் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அக்கா பக்கத்தைத் திருப்பினார். அது வெற்றுப் பக்கம். அதன்மேல் விரலை வைத்தார்.

"ஏணைக்காரி பையனுக்கு வேல கெடச்சிச்சி. மொத மாச சம்பளம் வாங்கி அம்மா கையில குட்த்தான். அவ எண்ணிப் பாக்கல. முந்தானைல முடிஞ்சிக்கினா. 'சாப்ட்டியாடா?'ன்னு கேட்டா. 'இல்லம்மா'ன்னான். சோறு போட்டா. அவன் துன்றத பாத்துக்கினே குந்திக்கினு இருந்தா."

புத்தகத்தை மூடினார்.

வேன் கேட்டில் நின்றிருந்தது. யாரும் இறங்கவில்லை. செக்யூரிட்டி வந்து கண்ணாடியைத் தட்டி, "இன்னா, எல்லாரும் தூங்கிக்கினு வர்றீங்களா?" என்று கேட்டார். டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எறங்குங்கம்மா, டைம் ஆச்சி," என்றார்.

பின் சீட்டுப் பெண் அன்று சாயங்காலமே புத்தகத்தை இரவல் கேட்டாள். கொடுக்காமல் இருக்க என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அக்காவே பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். "படிக்கட்டும்," என்றார். அந்தப் பெண் அதைப் பல நாள் வைத்திருந்தாள். திருப்பிக் கொடுத்தபோது வேனில் எல்லோரும் இருந்தார்கள்.

"நல்லா இருந்திச்சிக்கா," என்றாள் என்னிடம். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா பக்கம் திரும்பினாள். "இதுல பக்கம் கொஞ்சம் காணோம். நம்ம வேன்ல கேட்டதுதான் ஃபுல்லு."

அவ்வளவுதான் சொன்னாள். போய்த் தன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அக்கா திரும்பவே இல்லை. காதோரம் மட்டும் சிரிப்பு தெரிந்தது.

என் குரல் மழைக்காலத்தில் திரும்ப வந்தது. பழைய குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பு, உச்சத்துக்குப் போனால் உடையும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ரயிலில் போய் இறங்கினேன். ஸ்டேஷனிலிருந்து வயல் ஓரமாகவே நடந்தோம். அக்காவின் அம்மா உள்ளே கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சின்ன உருவம். கை விரல்கள் மட்டும் பெரிதாக இருந்தன.

"நீதான் கதை படிக்கிற பொண்ணா? தொண்ட ஆறிச்சா?" என்றார்.

"ஆறிடுச்சிம்மா. உங்க பொண்ணுதான் மொதல்ல கண்டுபுடிச்சாங்க. இல்லன்னா நான் அப்டியே வுட்டுருப்பேன்."

"அவளுக்குக் கண்ணு எல்லாம் அடுத்தவங்க மேலதான்," என்று சிரித்தார். சிறிது நேரம் கீரையை உருவினார். பிறகு நிமிராமலே கேட்டார்: "அந்தக் கதைல வர்ற புள்ளைக்குக் கல்யாணம் ஆச்சா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அக்காவைப் பார்த்தேன். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றிருந்தார். அம்மாவிடம் கதையைத் தினமும் சொல்லியிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. எந்தப் பிள்ளையின் கதை என்று அம்மாவுக்குத் தெரியும் என்பதும் தெரிந்தது. அக்கா அம்மாவை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆச்சும்மா," என்றேன் நான்.

"பொண்ணு எந்த ஊரு?"

"மணவூரு. நல்ல குடும்பம்."

"கிட்டதான் கீது." கீரைக் காம்பை ஒதுக்கிப் போட்டார். "புள்ளைங்க?"

"ரெண்டு பொண்ணு. பெரியது ஸ்கூலுக்குப் போவுது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "பொண்ணுங்கன்னா நல்லது. கடைசில பாத்துக்கும்," என்றார். முறத்தை நகர்த்திவிட்டு, "அவளுக்கு டீயக் குடு, ஆறிப்போவுது," என்று மகளை அதட்டினார்.

அன்று அந்த வீட்டில் நிறையச் சாப்பிட்டேன். கீரைப் பொரியல், கருவாட்டுக் குழம்பு, எல்லாம் அம்மாவே பரிமாறினார். போதும் என்று சொன்னால் கேட்கவில்லை. சாயங்காலம் அக்கா ஸ்டேஷன்வரை வந்தார். வழியில் நாங்கள் கதையைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த வார ஷிப்டைப் பற்றியும், லைனில் புதிதாக வந்த சூப்பர்வைசரைப் பற்றியும் பேசினோம். கட்டியைப் பார்த்துச் சொன்னதற்கு நன்றி சொல்லத்தான் நான் அன்று போயிருந்தேன். வாக்கியத்தைக்கூட மனதில் தயாராக வைத்திருந்தேன். ரயில் வரும்வரை அதைச் சொல்ல ஓர் இடம் கிடைக்கவில்லை. வண்டியில் ஏறும்போது அக்கா என் கையை இறுக்கிப் பிடித்து விட்டார்.

"மணவூருன்னு எப்டிச் சொன்ன?" என்று மட்டும் கேட்டார்.

"வர்ற வழில போர்டப் பாத்தேங்கா."

ரயில் நகர்ந்தது. அக்கா பிளாட்பாரத்தில் நின்று சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.